ஆறு மணி நாற்பது நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு கூட்டம், செய்யாதவர்கள் ஒரு கூட்டம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. தன்பாட்டுக்கு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் வேலையை, அது இன்னும் சீக்கிரம் நடக்கவேண்டும் என்பதற்காகவே நிறுத்துகிறவர்கள் இவர்கள். முடுக்குக்காரர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைப்போம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. வைத்தால் ஆபத்து. கணக்கெடுக்க வந்த பெண்ணின் கையிலிருந்து படிவத்தை வாங்கி, "இந்தக் கேள்விய முதல்ல கேட்டீங்கன்னா பாதி நேரம் மிச்சம்" என்று சொல்லி, அவளை முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்க வைத்துவிடுவார்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சோறு கொதிக்கும்போது நாலு தடவை மூடியைத் திறந்து பார்த்து, ஏன் இன்னும் வேகவில்லை என்று கேட்கிறவர். வரிசையில் நின்றால் பக்கத்து வரிசைக்குத் தாவி, அது நின்றுபோனதும் பழைய வரிசைக்கே கடைசி ஆளாகத் திரும்பி வருகிறவர். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் லிஃப்ட் பொத்தானைத் தன் விரலால் ஒருமுறை அழுத்தினால்தான் லிஃப்டுக்கு உறைக்கும் என்று நம்புகிறவர். இதெல்லாம் சில்லறை. இந்த இனத்தை அதன் முழு அழகோடு பார்க்கவேண்டுமா? வயதான கம்ப்யூட்டரில் ஒரு வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும்போது பார்க்கவேண்டும்.

அதற்கு எங்கள் ஊரில், இலோயிலோ நகரத்துக்குப் போகும் சாலையோரம், பச்சை கேட் போட்ட வீட்டு நோங் டோரிங்கை விட்டால் ஆள் இல்லை. வயதில் மூத்தவர் என்பதால் தெருவே அவரை நோங் என்றுதான் கூப்பிடும். ஞானஸ்நானப் பெயர் தியோடொரிக்கோ. அந்த முழுப் பெயரை அவர் மனைவி கோன்சிங் கோபம் வந்தால் மட்டும் எடுப்பாள். மற்ற நேரத்தில் 'லாங்கா', அதாவது கண்ணே. உத்தியோகம் நகராட்சியில், பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிற பிரிவில். அங்கே மூன்று வாரமாகச் சான்றிதழுக்கு நடையாய் நடந்து, கையிலிருக்கும் விண்ணப்பத்தாலேயே விசிறிக்கொண்டு நிற்கிற ஜனங்களைப் பார்த்து அவர் சாவகாசமாகச் சொல்வார், "வரும்போது வரும்மா. அவசரப்பட்டா காரியம் ஆகுமா?" அதே மனிதர் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையில் 'மீதி நேரம்' என்ற இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டால் போதும், காது மடல் சிவந்துவிடும். அடுத்தவர் நேரத்தில் பொறுமை, தன் நேரத்தில் பறப்பு. இதுதான் இந்த இனத்தின் முதல் லட்சணம்.

அந்த வாரம் அவர் பறந்ததற்குக் காரணம் இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் மாரிவெல்லுக்குக் கல்யாணம். செவ்வாய்க்கிழமை அவள் புருஷனோடு நியூசிலாந்துக்குப் போகிறாள்; திரும்பி வர இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகும். அவள் பிறந்த நாளிலிருந்து கல்லூரிக்குக் கிளம்பிய நாள்வரை நோங் டோரிங் சின்னச் சின்ன கேசட்டுகளில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். பதினேழு வருடம். எப்போதும் கேமராவின் பின்னால் நின்றதால், ஒரு கேசட்டிலும் அவர் முகம் கிடையாது. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, முப்பத்தெட்டு நிமிடமாக்கி வைத்திருந்தார். விருந்து நிகழ்ச்சி நிரலில் கேக் வெட்டுவதற்கும் நடனத்துக்கும் நடுவே அவர் பெயரையே அச்சடித்திருந்தார்கள்: 'வீடியோ, தியோடொரிக்கோ மக்பான்வா, மணமகளின் தந்தை.' அந்த அட்டையை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக அலுவலகம் முழுக்கச் சுற்றினார். தான் பார்த்த மகளை ஊரும் பார்க்கவேண்டும், அவளும் பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு விமானம் ஏறவேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை.

பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. அந்த வீடியோ யானை கனம். மண்டபத்துப் புரொஜெக்டர் ஏற்றுக்கொள்ளும்படி அதைச் சின்னதாக மாற்றவேண்டும். கம்ப்யூட்டருக்குப் பதினோரு வயது. மாரிவெல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது வாங்கியது. வியாழக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு, லீவு போட்டு, குளித்து, தலைவாரி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நோங் டோரிங் 'தொடங்கு' பொத்தானை அழுத்தினார். பெட்டி உறுமியது. திரையில் வந்தது: 'மீதி நேரம்: 6 மணி 40 நிமிடம்.'

ஒன்பதும் ஆறு நாற்பதும் எவ்வளவு? மூன்று நாற்பது. மாலை மெரியெண்டாவுக்குக் காபியும் பிபிங்கா கேக்குமாக உட்காரும் நேரத்தில் வேலை முடிந்து, பெட்டி சும்மா இருந்திருக்கும். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? எழுந்து போயிருப்போம். கோன்சிங்கும் அதைத்தான் சொன்னாள். அவள் சமையலறையில் கல்யாணத்துக்காக இபோஸ் செய்துகொண்டிருந்தாள், ஒட்டரிசியைத் தேங்காய்ப் பாலோடு ஓலையில் சுற்றி, அடுக்கடுக்காக அண்டாவில் இறக்கியபடி.

"லாங்கா, அது பாட்டுக்கு ஓடட்டும். வந்து இந்த ஓலையக் கிழிச்சுக் குடு."

"ஆறு மணி நாப்பது நிமிஷமாம், கோன்சிங்! நியாயமா இது?"

"இபோஸ்கூட மூணு மணி நேரம் வேகும். நான் பக்கத்துல நின்னு கையப் பிசையறேனா?"

"அரிசி வேற, வீடியோ வேற."

"ஆமா. அரிசி வெந்துடும்."

நோங் டோரிங் கையில் போன் இருந்தது. போனில், உலகத்தின் மூலை முடுக்குகளில் இருக்கும் அத்தனை முடுக்குக்காரர்களும் கூடிப் பேசும் ஒரு பக்கம் இருந்தது. இந்த இனத்தாருக்கு அதுதான் கோயில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, ஒருவர் ஊர் ஒருவருக்குத் தெரியாது, ஆனால் போலந்திலோ பெருவிலோ ஒருவர் தன் பழைய பெட்டியில் பதினோரு நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டதாக எழுதினால் அத்தனை பேருக்கும் கண் கலங்கும். அங்கே போட்டிருந்தது: பின்னணியில் ஓடும் தேவையில்லாத சமாசாரங்களை எல்லாம் மூடு. பத்தரை மணிக்கு, வேலை இருபத்திரண்டு சதவீதம் முடிந்திருந்தபோது, அவர் அதை நிறுத்தினார்.

மூடினார். கடிகாரத்தை மூடினார், காலண்டரை மூடினார், வானிலை சொல்லும் சின்னச் சன்னலை மூடினார், வால்பேப்பராக இருந்த மகளின் பட்டமளிப்புப் படத்தைக்கூட எடுத்துவிட்டுக் கறுப்பாக்கினார். பெட்டி எவ்வளவு பாடுபடுகிறது என்று அளந்து காட்டும் ஒரு கருவியை மட்டும் புதிதாக ஏற்றி ஓடவிட்டார். அந்தக் கருவி ஓடுவதற்கே பெட்டி பாடுபடவேண்டியிருந்தது என்பது தனி விஷயம். பதினொன்றுக்கு மறுபடி தொடங்கினார். 'மீதி நேரம்: 6 மணி 10 நிமிடம்.'

"கோன்சிங்! ஓடி வா! ஓடி வா!"

பாவம், கை முழுக்கத் தேங்காய்ப் பாலோடு அவள் ஓடி வந்தாள், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று.

"பாரு! அரை மணி நேரம் மிச்சம்!"

அவள் திரையைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "ஒம்பது மணிக்கே ஆரம்பிச்சல்ல?"

"அது பழைய வேகம். அதக் கணக்குல சேக்கக்கூடாது."

இந்தக் கணக்கை நன்றாகக் கவனியுங்கள். முடுக்குக்காரரின் கணக்குப் புத்தகத்தில் வரவு மட்டும்தான் உண்டு. நிறுத்தி எறிந்த ஒன்றரை மணி நேரம், அமைப்புகளைத் தோண்டிய அரை மணி நேரம், மனைவியைக் கத்திக் கூப்பிட்டதில் கருகிய ஒரு வாணலிப் பூண்டு, எதுவும் அதில் ஏறாது. மிச்சமான அரை மணி மட்டும் சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு ஏறும்.

வியாழக்கிழமையின் மிச்சத்தை விலாவாரியாகச் சொன்னால் உங்களுக்கும் மெரியெண்டா ஆறிவிடும். மதியம் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, வரவேற்பறையில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பெரிய மின்விசிறியை அதன் வயிற்றுக்கு நேராக நிறுத்தினார்; வந்திருந்த உறவுக்காரர்கள் வேர்த்து வழிய உட்கார்ந்திருக்க, கம்ப்யூட்டர் கடற்கரைக் காற்று வாங்கியது. மூன்று மணிக்கு, அறுபத்தைந்து சதவீதத்தில் நிறுத்தினார், ஏனென்றால் இந்த வேலைக்கு 'உச்ச முன்னுரிமை' கொடுத்தால் பறக்கும் என்று பெருவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கொடுத்தார். பெட்டி மற்ற எல்லாவற்றையும் கைவிட்டு வீடியோவையே கட்டிக்கொண்டது. மவுஸ் அசையவில்லை, விசைப்பலகை கேட்கவில்லை, திரையில் எண்கூட மாறவில்லை. வேலை நடக்கிறதா, செத்துவிட்டதா? ஒரு மணி நேரம் சந்தேகப்பட்டு, கடைசியில் பிளக்கைப் பிடுங்கினார். அது நடந்துகொண்டுதான் இருந்தது என்பது மறுபடி போட்டபோது தெரிந்தது.

"ராத்திரி ஓடவிட்டுட்டுத் தூங்கேன்" என்று யாராவது சொல்லலாம். சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊரில் இரவில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் படுப்போம். ஒயர் தீப்பிடித்து எரிந்த வீடுகளைப் பார்த்தவர்கள் நாங்கள். கோன்சிங் அந்த விஷயத்தில் பாப்பரசர் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை எங்கள் பக்கம் கரண்ட் கட். இது திடீரென்று வந்தது அல்ல. திங்கட்கிழமையே மூலைக்கடையில், ஷாம்பு பாக்கெட் சரங்களுக்கு நடுவே, அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நோங் டோரிங் அதை நின்று படித்தவர்தான். "அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று கடைக்காரியிடம் சொன்னவர்தான். விட்டிருந்தால் முடிந்தும் இருக்கும்.

கரண்ட் இல்லாவிட்டால் மனிதர் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தீர்களா? முடுக்குக்காரருக்கு ஓடாத கம்ப்யூட்டர்கூட வேகமாக்கவேண்டிய கம்ப்யூட்டர்தான். சாப்பாட்டு மேசையில் பெட்டியைக் கிடத்தி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து, மாரிவெல்லுக்கு முகப்பூச்சு போட வந்த பெண்ணின் பையிலிருந்து ஒரு மெல்லிய தூரிகையைக் கடன் வாங்கி, பதினோரு வருடத் தூசியைத் துடைத்து எடுத்தார். முகப்பூச்சுப் பெண் அந்தத் தூரிகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பூட்டிய பிறகு மேசையில் ஒரு திருகாணி மிஞ்சியது. அதை உற்றுப் பார்த்துவிட்டு, "கனம் கொறஞ்சா நல்லதுதான்" என்று பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்து மணிக்கு கரண்ட் வந்தது. ஐந்து ஐந்துக்கு நோங் டோரிங் தொடங்கினார். ஐந்து பத்துக்கு அடுத்த வீட்டு நோங் அம்போவும் தொடங்கினார். அவர் தொடங்கியது பாட்டு. மறுநாள் விருந்தில் பாடவேண்டும் என்று ஆளுயர ஒலிப்பெட்டிகள் வைத்த கரோக்கே மெஷினை வாடகைக்கு எடுத்திருந்தார். காலையிலிருந்து கரண்ட் இல்லாமல் அடக்கி வைத்திருந்த குரல் வேறு. எங்கள் தெருவில் மின்சாரம் அவ்வளவு திடகாத்திரமானது அல்ல. அவர் பாட்டின் கடைசிக் கட்டத்தில் கண்ணை மூடி, கையை விரித்து, உச்சியில் இழுத்தபோது இரண்டு வீட்டு விளக்கும் மங்கின. பெட்டி ஒருமுறை விக்கியது. அணைந்தது. தானாகவே மறுபடி எழுந்து, ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி வரவேற்பு இசை வாசித்தது.

நோங் டோரிங் வேலிக்கு ஓடினார்.

"அம்போ! ஒரு மூணு நாலு மணி நேரம் பாடாம இருப்பியா?"

"நாளைக்கு உன் மக கல்யாணத்துல நான் பாடணுமா, வேணாமா?"

"பாடு. இப்பப் பாடாத."

"பழகாமப் பாடினா மானம் போறது உனக்குத்தான்."

"சரி, பாடு. அந்தக் கடைசில மேல இழுக்கிற பாரு, அத மட்டும் விட்டுடு. அங்கதான் கரண்ட் எறங்குது."

"அத விட்டுடறதா?" நோங் அம்போவுக்கு நிஜமாகவே மனசு புண்பட்டுவிட்டது. "அந்த ஒரு இழுப்புக்காகத்தானய்யா நான் பாடறதே!"

ஆளுக்கு ஆள் ஒரு கலை. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கும் அது புரிந்தது, புரிந்ததால்தான் வந்த வழியே திரும்பினார். அன்று சாயங்காலம் பாட்டு ஏழு தடவை பாடப்பட்டது, பெட்டி ஏழு தடவை வரவேற்பு இசை வாசித்தது, பிறகு கோன்சிங் வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

சனிக்கிழமை. கல்யாண நாள். இரண்டு மணிக்குத் திருப்பலி, பன்னிரண்டரைக்கு வீட்டிலிருந்து கிளம்பவேண்டும். காலை ஆறரைக்கு நோங் டோரிங் கடைசியாக ஒருமுறை தொடங்கினார். இரண்டு நாள் உழைப்பு வீண்போகவில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: தூசி போய், தகடு போய், தரத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒலியையும் எடுத்துவிட்டு ("அங்க எப்படியும் பாட்டுதானே போடுவாங்க?"), மீதி நேரம் மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு இறங்கியிருந்தது. நோங் அம்போ தொண்டைக்கு இஞ்சி வைத்துக்கொண்டு மௌனவிரதம் இருந்தார். மின்சாரம் சமர்த்தாக இருந்தது. கோன்சிங் தலையில் சுருள் கட்டைகளோடு கதவில் நின்று எட்டிப் பார்த்தாள். ஐம்பது சதவீதம். எழுபது. எண்பத்திரண்டு.

ஒன்பது முப்பத்தெட்டுக்கு அவர் அதை நிறுத்தினார்.

"தியோடொரிக்கோ!"

முழுப் பெயர் வந்துவிட்டது. ஆனால் அவர் காதில் விழவில்லை. போலந்துக்காரரிடமிருந்து அப்போதுதான் செய்தி வந்திருந்தது. வீடியோ என்பது என்ன? ஒரு நொடிக்கு முப்பது என்று வரிசையாக ஓடும் படங்கள்தானே? அத்தனையையும் ஏன் மாற்றவேண்டும்? எட்டுப் படத்துக்கு ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ஏழையும் விட்டுவிட்டால் வேலை எவ்வளவு குறையும்! ஏழு போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

"எவ்ளோ பாக்கி இருந்துச்சு?" கோன்சிங் கேட்டாள்.

"நாப்பத்திரெண்டு நிமிஷம்."

"இப்பப் புதுசா போட்டா எவ்ளோ ஆகும்?"

"அம்பது நிமிஷம்தான்!"

கோன்சிங் ஒரு சுருள் கட்டையை அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். "நான் எட்டாவதோட நின்னவ, லாங்கா. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"முழு வேலைக்கும் மூணு மணி அம்பது ஆயிட்டிருந்துச்சு. இப்ப முழு வேலைக்கும் அம்பது நிமிஷம். மூணு மணி நேரம் மிச்சம்!"

"அந்த மூணு மணி நேரத்ததான் காலைலேர்ந்து செலவு பண்ணி முடிச்சுட்டியே!"

"அது வேற கணக்கு."

அமைப்புகளை மாற்றி மறுபடி தொடங்கியபோதே பத்தேகால் ஆகியிருந்தது. பதினொன்று ஐந்துக்கு, நூறு சதவீதம் என்று திரையில் வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக நோங் டோரிங்கின் பெட்டியில் ஒரு வேலை, தொடங்கியவரே நிறுத்தாமல் முடிந்திருந்தது. அவர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் தூக்கினார். வரவேற்பறையில் இருந்த அத்தைகளோடு ஒரு சுற்று ஆடினார், வலது காலில் ஷூவும் இடது காலில் செருப்புமாக. போலந்துக்கும் பெருவுக்கும் செய்தி அனுப்பினார். விரல் நீளப் பென் டிரைவில் ஏற்றி, பூவேலை செய்த பரோங் சட்டையின் பையில் போட்டு, பையின் மேல் கை வைத்துக்கொண்டே கோயிலுக்குப் போனார்.

வீடியோவை ஒருமுறை போட்டுப் பார்த்தாரா என்றா கேட்கிறீர்கள்? என்ன கேள்வி இது? இந்த இனத்தார் மாற்றி முடித்த வீடியோவைப் பார்ப்பதே கிடையாது. மாற்றத்தான் அவர்களுக்கு ஆசை. பார்க்க உட்கார்ந்தால் முப்பத்தெட்டு நிமிடம் ஆகுமே!

விருந்து ஐந்து மணிக்கு என்று அட்டையில் போட்டிருந்தது. எங்கள் ஊரில் ஐந்து என்றால் ஆறேகால். ஐந்துக்கே போய் நிற்பது வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும் காரியம். லெச்சோன் பன்றி முழுசாகச் சுட்டு, மொறுமொறுவென்று, வாயில் ஆப்பிளோடு வந்து இறங்கியபோது ஆறரை. கேக் வெட்டியபோது ஏழு. காலை ஆறரைக்குத் தொடங்கி, பழைய ஆறு மணி நாற்பது நிமிட வேகத்திலேயே விட்டிருந்தால்கூட ஒன்று பத்துக்கு முடிந்து, யாராவது மோட்டார் சைக்கிளில் போய் நாலு தடவை எடுத்து வந்திருக்கலாம். இதை யாரும் நோங் டோரிங்கிடம் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் எதற்கு?

ஏழு மணிக்கு விளக்கை அணைத்தார்கள். நோங் டோரிங் நடுவில் எழுந்து நின்று, அத்தனை மேசையையும் பார்த்துத் தலைகுனிந்து, உட்கார்ந்தார். அவர் முழங்கால்மேல் கோன்சிங் தன் கையை வைத்தாள்.

திரையில் மருத்துவமனைப் போர்வைக்குள் ஒரு சிவந்த முகம். அது கண்ணைத் திறந்தது, மூடியது, கொட்டாவி விட்டது, அழுதது, தூங்கியது, எல்லாம் நீங்கள் ஒரு மூச்சு விடுவதற்குள். நோங் டோரிங் முன்னால் சாய்ந்தார். அடுத்த கணம் பாதிரியார் தண்ணீரை எடுத்து, மிளகுத்தூள் போடுவதுபோல் மூன்று தட்டுத் தட்டிவிட்டு ஓடினார். குழந்தை குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, பல்லி மாதிரி தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. மண்டபம் ஒரு பத்து நொடி மரியாதையாக இருந்தது. பிறகு பின் மேசையில் ஒருவர் 'க்ளுக்' என்றார்.

அவ்வளவுதான். கோன்சிங் கிண்ணத்தோடு துரத்த, குழந்தை வாய், கரண்டி, வாய், கரண்டி என்று ஒரு தட்டுக் கஞ்சியை நாலு நொடியில் விழுங்கியது. ஒரு மெழுகுவர்த்தி அணைந்தது, இரண்டு அணைந்தது, மூன்று அணைந்தது, பிறந்தநாள் மேல் பிறந்தநாளாக. பல் முளைத்தது, விழுந்தது, முளைத்தது. கோன்சிங்கின் கூந்தல் நீண்டது, குட்டையானது, சுருண்டது, மறுபடி நீண்டது. பள்ளிக்கூட மேடையில் மாரிவெல் பூனை வேஷத்தில் சுழன்ற வேகத்தில் பக்கத்தில் நின்ற எலிகள் பறந்துவிடும்போல் இருந்தது. மண்டபமே மேசையைத் தட்டியது. நோங் அம்போ நாற்காலியோடு சாய்ந்தார். மணமகன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன், அதை மாமியார்மேல் தெளித்துவிட்டான். மணமகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண் மை கன்னத்தில் இரண்டு கோடாக இறங்கியது.

நோங் டோரிங் மட்டும் சிரிக்கவில்லை. எட்டில் ஏழு. ஏழையும் விட்டால் மிஞ்சியது எட்டு மடங்கு வேகமாகத்தான் ஓடும் என்பது, நியூசிலாந்துக்குப் போகப்போகும் மகளின் கல்யாணத்தில், இருநூறு பேர் நடுவில், இப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. எழுந்து புரொஜெக்டர்காரரிடம் ஓடினார். "நிறுத்து தம்பி, நிறுத்து, தப்பா மாத்திட்டேன்." புரொஜெக்டர்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கையே எழவில்லை. வேறு வழியில்லாமல் அவர் அங்கேயே நின்று திரையைப் பார்த்தார்.

பார்க்க ஆரம்பித்தவருக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. முதல் நற்கருணையின் வெள்ளை உடுப்பு வந்தது, போனது. அவர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மழைக்காலம் முழுசும் வந்தது, போனது. ஒரு பெண் உயரமானாள். கடைசியில் பையோடு ஜீப்னி வண்டியில் ஏறி, கல்லூரிக்குக் கிளம்பி, திரும்பி, கேமராவைப் பார்த்து, அதாவது அவரைப் பார்த்து, ஒரே ஒரு முறை கை அசைத்தாள். ஜீப்னி இல்லை. தெரு இல்லை. திரை வெள்ளையானது. நான்கே முக்கால் நிமிடம்.

"இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" கரண்டிகளால் கண்ணாடிக் கோப்பைகளைத் தட்டினார்கள். புரொஜெக்டர்காரர் மறுபடி போட்டார். மறுபடி சிரிப்பு.

மாரிவெல் பாவாடையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே புகுந்து, அவர் நின்ற இடத்துக்கு வந்தாள். பின்னாலேயே கோன்சிங்.

"டாடி..."

"மன்னிச்சுக்கோம்மா. எட்டுல ஒண்ணு எடுன்னாங்க. நான் போட்டுப் பாக்கல. ஊருக்கு முன்னாடி உன்ன..."

"எதுக்கு மன்னிப்பு? என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் போன்ல கேக்கறாங்க, அனுப்பு அனுப்புன்னு!"

கோன்சிங் தன் கைக்குட்டையை அவர் கையில் திணித்தாள். "இதே வேகத்துலதான் போச்சு, லாங்கா. நீ ஒண்ணும் தப்பா மாத்தல."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. மாரிவெல் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அங்கே அவள் மறுபடியும் ஜீப்னியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"டாடி, அந்தக் கடைசி எடத்த மட்டும்... மெதுவா ஓட வைக்க முடியாதா?"

ஒரு வீடியோவை வேகமாக்க நோங் டோரிங்குக்கு நாற்பது வழி தெரியும். மெதுவாக்க ஒன்றுகூடத் தெரியவில்லை. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் மீதி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு.

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள், யாரும் தடுக்கவில்லை. இப்படியும் ஒரு மனிதரா என்று தலையை ஆட்டிக்கொண்டே பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லவும் கிளம்பியிருப்பீர்கள். கிளம்புமுன் ஒன்று. இதைப் படிக்கத் தொடங்கும்போது, இது எங்கே முடிகிறது என்று கடைசிவரை ஒரு தரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தானே மேலே வந்தீர்கள்? நடுவில் எங்கோ ஒரு ஏழெட்டு வரியைக் கண்ணாலேயே தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி மிச்சம் பிடித்த அரை நிமிடத்தை என்ன செய்வதாக உத்தேசம்?